கடைசி ஐந்து மைல்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் தொழிலில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு கவலை. கடைக் கணக்கு எழுத டேலி போடுகிறவருக்கு இயந்திரம் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் போதும். துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் பிள்ளைகளுக்கு, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரை ஓரத்தில் ஓடும் எண் மூன்று இலக்கத்தில் இருக்க வேண்டும். விமானம் ஓட்டும் கேம் ஆடுகிறவரின் புகார் வேறு மாதிரி இருக்கும். "மேல போறப்ப எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. இறங்குறப்பதான் ஜெர்க் அடிக்குது" என்பார். சென்னை ரிச்சி தெருவில் ஸ்குரூ டிரைவர் பிடித்த காலத்திலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். அப்போது அவர்கள் ஆடியது 2003-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர். இப்போது ஆடுவது 2024-இல் வந்தது. பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பல மடங்கு வளர்ந்துவிட்டன. புகார் மட்டும் அதேதான்.

அந்தப் புகார் சொல்லும் இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சென்னை விமான நிலையத்தின் 25-ஆம் ஓடுபாதைக்குக் கடல் பக்கமிருந்து ஒரு போயிங் 737 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கடல் மைல் மிச்சம் இருக்கும்போது அது ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் இருக்கும். வேகம் 140 நாட் என்றால் தரையைத் தொட இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு நொடிக்கு 236 அடி முன்னேறுகிறது, 12 அடி கீழே இறங்குகிறது. ஏறக்குறைய இருபது அடி உயரம் வரும்போது மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில் திரை அரை நொடி உறைந்தால் ஆறு அடி உயரம் கண்ணுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். கை பழைய படத்தைப் பார்த்து ஸ்டிக்கை இழுத்திருக்கும், விமானம் அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருக்கும். 36,000 அடியில் அதே அரை நொடி நின்றால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அதனால்தான் சராசரியாக எத்தனை ஃபிரேம் வருகிறது என்று என்னிடம் கேட்பவர்களிடம், இந்தக் கடைசி ஐந்து மைலில் எப்படி ஓடுகிறது என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரு சிமுலேட்டர் இயந்திரத்தின் தரத்தை எடைபோட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு வேலை உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். தரை நெருங்க நெருங்க கட்டடங்களும் மரங்களும் சாலை வாகனங்களும் ஆயிரக்கணக்கில் எழும்பும். விமான நிலையத்தின் முனையம், நிறுத்தி வைத்த விமானங்கள், ஓடுபாதை விளக்குகள், வரிசையில் வரும் மற்ற விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவகத்துக்குள் ஏறும். காக்பிட்டில் ஆறு திரைகள் ஓயாமல் வரைந்துகொண்டிருக்கும். மழையும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்ப்பது இந்த கேமுக்குப் பிறவிக் குணம். புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1980-இல் வெளிவந்த சிமுலேட்டர், 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் பிசிக்கு வந்தது. எண்பதுகளில் ஐபிஎம்முக்கு இணை என்று சொல்லிப் பல நிறுவனங்கள் கம்ப்யூட்டர் விற்றன. அவை உண்மையிலேயே இணைதானா என்று பார்க்க இரண்டு மென்பொருளைப் போட்டு ஓட்டுவது வழக்கம். ஒன்று லோட்டஸ் 1-2-3, மற்றது ஃப்ளைட் சிமுலேட்டர். வன்பொருளை நேரடியாகத் தொட்டு வேலை செய்யும் நிரல் என்பதால் சின்ன வித்தியாசம் இருந்தாலும் அது நின்றுவிடும். ஆபீஸ் வேலைக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்கே இதுதான் பரீட்சை.

எங்கள் தலைமுறைக்குப் பரீட்சையாக வந்தது 2006 அக்டோபரில் வெளியான எஃப்எஸ்எக்ஸ், அதாவது ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். அன்று கடையில் இருந்த மிக விலை உயர்ந்த பாகங்களைப் போட்டுக் கட்டினாலும் காட்சித் தரத்துக்கான ஸ்லைடர்களை வலது ஓரத்துக்குத் தள்ள முடியாது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை பிராசஸரின் கிகாஹெர்ட்ஸ் வருடாவருடம் ஏறிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு ஓடாத கேம் அடுத்த வருடம் ஓடிவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் பென்டியம் 4 சிப்பின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் 2004-இலேயே கைவிட்டது. சூடும் மின்சாரமும் அதற்கு மேல் விடவில்லை. அதன்பிறகு வேகத்துக்குப் பதிலாகக் கோர்களின் எண்ணிக்கைதான் பெருகியது. எஃப்எஸ்எக்ஸ் தன் வேலையில் பெரும்பகுதியை ஒரே கோரில் செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. 2007-இல் வந்த சர்வீஸ் பேக்தான் தரைப் படங்களை ஏற்றும் வேலையை மற்றக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

"நாலு கோர் இருக்கே, ஒண்ணுதானே ஓடுது, மத்த மூணையும் ஓட விடக்கூடாதா சார்?" என்று கேட்காத ஆள் இல்லை. கல்யாணச் சமையலில் காய் நறுக்க எத்தனை பேரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம், சாம்பாரின் பதம் பார்த்து இறக்குகிறவர் ஒருவர்தான். சிமுலேட்டரில் அந்த இடத்தில் இருப்பது மெயின் த்ரெட் என்ற வேலை வரிசை. இறக்கையில் காற்று எவ்வளவு அழுத்துகிறது, எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது, ஆட்டோபைலட் என்ன முடிவெடுக்கிறது, மற்ற விமானங்கள் எங்கே நிற்கின்றன என்பதையெல்லாம் அந்த வரிசைதான் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட்டு, இந்த ஃபிரேமில் எதை எதை வரைய வேண்டும் என்ற பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. ஒரு கணக்கின் விடை அடுத்த கணக்குக்குத் தேவை என்பதால் இதைப் பல பேருக்குப் பங்கு போட முடிவதில்லை. பங்கு போட முடியாத வேலை எவ்வளவோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை என்று ஜீன் ஆம்டால் 1967-இலேயே எழுதிவைத்தார். அந்த விதியின் செயலை நான் பார்த்தது புத்தகத்தில் அல்ல, மேசை மேல் கிடந்த இயந்திரங்களில்.

எஃப்எஸ்எக்ஸுக்கு இன்னொரு சாபமும் இருந்தது. அது 32 பிட் நிரல். 32 பிட் விண்டோஸில் சாதாரணமாக 2 ஜிபி, 64 பிட் விண்டோஸில் அதிகபட்சம் 4 ஜிபி, அதற்கு மேல் ஒரு துளி நினைவகத்தை அதனால் தொட முடியாது. 16 ஜிபி ராம் போட்டாலும் இதே கதைதான். வழியில் கடந்த ஊர்களின் தடயங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வரும். மூன்று மணி நேரம் பறந்து, கூடுதலாக வாங்கிப் போட்ட பெரிய விமான நிலையத்தை நெருங்கி, அதன் படங்களும் ஏற ஆரம்பிக்கும் நேரத்தில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற பெட்டி எழுந்து கேம் மூடிவிடும். அதுவும் அந்தக் கடைசி ஐந்து மைலில்தான். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சிங்கப்பூர் வரை ஓட்டிக்கொண்டு போய் இப்படி இழந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நான் செய்தது எளிய வேலைதான். தரைப் படங்களின் அளவை 4096-லிருந்து 1024-க்குக் குறைத்தேன். போகாத ஊர்களின் கூடுதல் காட்சிகளை எல்லாம் அணைத்தேன். 4096 சதுரப் படம் ஒன்று சுருக்கிய பிறகும் 16 எம்பி பிடிக்கும். 1024 என்றால் 1 எம்பி. கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கும் தூரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அடுத்த வாரம் அவர் சிங்கப்பூரில் இறங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில், கேமின் அமைப்புகளை வைத்திருக்கும் சிஎஃப்ஜி கோப்பில் சேர்க்க வேண்டிய வரிகள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. எந்தக் கோர் ஓட வேண்டும் என்று ஒரு வரி, படங்களை ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரி, கிராபிக்ஸ் கார்டின் பஃபருக்கு ஒரு வரி. ஒன்றிரண்டு உண்மையிலேயே பயன் தந்தன. பல வரிகள் ஒரு குறிப்பிட்ட கார்டில் ஒரு குறிப்பிட்ட டிரைவரோடு நன்றாக ஓடியவை, வேறொருவர் வீட்டில் அதே வரியால் திரை கறுப்பாகும். என்னிடம் வரும் இயந்திரத்தில் இப்படி இருபது முப்பது வரிகள் குவிந்திருந்தால், கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு கேமைத் திறப்பேன். அது புதுக் கோப்பைத் தானே எழுதிக்கொள்ளும். அந்தச் சுத்தமான கோப்போடு ஓட்டிப் பார்த்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கேம்கள் மாறிவிட்டாலும் இந்த ஒழுங்கை இன்றும் விடவில்லை.

2020 ஆகஸ்டில், ஊரடங்கு நடுவே, பிரான்ஸின் அசோபோ ஸ்டூடியோ உருவாக்கிய புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. இரண்டு பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட பிங் வரைபடத் தரவிலிருந்து உலகம் முழுவதும் இணையம் வழியாக வந்து இறங்கியது. தன் வீட்டு மாடியைத் தேடிப் பறக்காதவர் இல்லை. கடைக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடும் அதே சமயத்தில் வந்து, கிரிப்டோ நாணயம் எடுப்பவர்களும் போட்டிக்கு நிற்க, சாதாரணக் கார்டின் விலை கண்ணைக் கட்டும் அளவுக்குப் போனது. வீட்டில் அடைந்து கிடந்த மருத்துவர் ஒருவர் அந்த விலையிலும் ஒரு உயர்ரகக் கார்டை வாங்கிப் போட்டுவிட்டு என்னை அழைத்தார். "தம்பி, பழைய கார்டுல 28 வந்துச்சு, இதுல 30 வருது. கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ?"

கார்டு அசல்தான். அவருடைய பிராசஸர் ஐந்தாறு வருடப் பழையது. இந்த கேமின் டெவலப்பர் மோடை இயக்கினால், திரையில் ஒரு சிறிய பெட்டி வரும். ஃபிரேம் எத்தனை என்பதோடு எது தடுக்கிறது என்றும் அதில் எழுதியிருக்கும், மெயின் த்ரெட்டா கிராபிக்ஸ் கார்டா என்று. அவர் வீட்டில் மெயின் த்ரெட் என்று சிவப்பில் இருந்தது. ஒரு ஃபிரேமுக்கு மெயின் த்ரெட் 33 மில்லிநொடி எடுத்துக்கொள்ள, புதிய கார்டு தன் பங்கைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. 33 மில்லிநொடிக்கு ஒரு படம் என்றால் நொடிக்கு 30-தான். பழைய கார்டைவிடப் பெரிய கார்டு போட்டாலும் அதற்கு மேல் வராது. இதைப் பெட்டியில் காட்டி விளக்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. நோய் எங்கே என்று தெரியாமல் மருந்து எழுதக்கூடாது என்று அவரே சொன்னார். தரையின் விவரத்தை எவ்வளவு தூரம்வரை காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயில் என்ற ஸ்லைடரை 200-லிருந்து 100-க்கு இறக்கினேன். விமான நிலைய வாகனங்களையும் கணினி ஓட்டும் விமானங்களையும் பாதியாக்கினேன். காக்பிட் திரைகள் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்தேன். இவை மூன்றும் பிராசஸரின் சுமைகள். பிறகு, சும்மா இருந்த கார்டுக்கு வேலை கொடுக்க, மேகத்தின் தரத்தையும் திரையின் துல்லியத்தையும் ஏற்றினேன். படமும் அழகானது, ஓட்டமும் சீரானது. அவர் மேற்கொண்டு செலவழிக்கவில்லை.

எந்த ஸ்லைடர் யாருடைய தோளில் ஏறுகிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. திரையின் துல்லியம், மேகம், நிழல், பிரதிபலிப்பு ஆகியவை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியவை. 1080 திரையில் இருப்பது ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு வேலை. அந்த நான்கு மடங்கும் கார்டின் தலையில்தான், பிராசஸருக்கு அதில் பங்கு மிகக் குறைவு. கட்டடங்களின் எண்ணிக்கை, போக்குவரத்து, விமானத்தின் உள் அமைப்புகள் எல்லாம் பிராசஸருக்கு. படங்களின் அளவு கார்டின் சொந்த நினைவகத்துக்கு. அந்த நினைவகம் நிரம்பி வழிந்தால் மிச்சத்தை ராமிலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கும். அப்போது 50 ஃபிரேம் சட்டென்று 10-க்கு விழும். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை ஆடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அதில் 2020-இல் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறை வந்த பிறகு திக்கல் நன்றாகக் குறைந்தது, ஆனால் பிராசஸரின் பங்கு அங்கேயும் பெரிதுதான்.

சீர் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. நொடிக்கு 30 படம் வந்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். 40 படம் வந்தால் ஒன்று ஒரு முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். எண் பெரிது, ஆனால் கண்ணுக்கு உறுத்தும். அதனால் சாதாரண மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் 30-இல் பூட்டிவிடுவேன். "முப்பதா? குறைக்கிறீங்களே அண்ணே" என்று முகம் சுருங்கும். ஒரு முறை இறங்கச் சொல்வேன். இறங்கிய பிறகு யாரும் பூட்டை எடுக்கச் சொன்னதில்லை. படத்தின் வேகத்துக்குத் தக்கபடி தானே மாறும் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் மானிட்டர் இருந்தால் இந்தப் பூட்டு தேவையில்லை.

கேமுக்குள் போகும் முன்பே பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. எங்கள் தொழிலில் பரவலாக நடக்கும் ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். ராமை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுப்பது. 16 ஜிபி ஒன்று போடுவதற்கும் 8 ஜிபி இரண்டு போடுவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாகப் போட்டால் பிராசஸருக்கு இரண்டு வாய்க்கால் வழியாகத் தரவு வரும். அடுத்தது, பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கும் ராம், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காதவரை பல போர்டுகளில் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். வாங்கி மூன்று வருடம் ஆகியும் இதை யாரும் இயக்கிக் கொடுக்காத இயந்திரங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒரே நிமிட வேலை, காசு இல்லை. மெயின் த்ரெட் ராமிலிருந்து தரவுக்குக் காத்திருக்கும் கேமில் இது நேரடியாகத் தெரியும்.

அந்தக் காத்திருப்பின் அளவைக் கண்கூடாகக் காட்டியது 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800 எக்ஸ்3டி என்ற பிராசஸர். அதன் உடன்பிறப்பான 5800 எக்ஸைவிட அதன் வேகம் குறைவு, 4.7-க்குப் பதில் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் சிப்பின் மேலேயே இன்னொரு அடுக்கு நினைவகத்தை ஒட்டி, மூன்றாம் நிலை கேஷை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக்கியிருந்தார்கள். ராமுக்குப் போய் ஒரு தகவலை எடுத்து வருவதற்குள் பிராசஸர் சில நூறு துடிப்புகளை வீணாக்கிவிடும். அதே தகவல் பக்கத்திலேயே கேஷில் இருந்தால் அந்த வீண் இல்லை. சிமுலேட்டர் போல ஆயிரக்கணக்கான பொருள்களைத் திரும்பத் திரும்பத் தொடும் நிரலுக்கு இது வரப்பிரசாதம். என் கைக்கு வந்த மாற்றங்களிலேயே கடைசி ஐந்து மைலில் மிகப் பெரிய வித்தியாசம் காட்டியது இந்தச் சிப்தான். பழைய ஏஎம்4 போர்டு வைத்திருந்தவர்களுக்குப் பயாஸைப் புதுப்பித்து, சிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். போர்டும் ராமும் அப்படியே இருந்தன. நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது அவர்கள் அப்பாவோடு கடைக்கு வந்து நிற்கும்போது தெரியும். பின்னால் வந்த 7800 எக்ஸ்3டி, 9800 எக்ஸ்3டி இரண்டும் அதே வழியில் போகின்றன. சிமுலேட்டருக்கென்று புதிதாகக் கட்டுகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இந்த ரகச் சிப்புக்குப் பணம் எட்டுமா என்பதே, கார்டு இரண்டாவது.

எங்கள் ஊருக்கென்று ஒரு எதிரி உண்டு, வெயில். ஹீட்சிங்க் என்பது அறைக் காற்றைக் கொண்டு சிப்பைக் குளிர்விப்பது. அறை 22 டிகிரியாக இருக்கும்போது 82 டிகிரியில் ஓடும் சிப், கத்திரி வெயிலில் 37 டிகிரி அறையில் 97-ஐத் தொடும். பல இன்டெல் சிப்புகள் 100 டிகிரி வந்ததும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர் ஏசி அறையில் சோதித்துச் சொன்ன எண்களைப் பார்த்து வாங்கிவிட்டு, மே மாதத்தில் நம் வீட்டு மாடி அறையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல இழுக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் சூடுதான். தூசி அடைத்த ஃபேனைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை வழித்துப் புதிதாகத் தடவினாலே பல இயந்திரங்கள் உயிர் பெற்றுவிடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு வண்ண விளக்குகள் எரியும் கேபினெட்டுகளை நான் சிமுலேட்டருக்குப் பரிந்துரைப்பதில்லை. காற்று உள்ளே போக வழி வேண்டும். வலை போட்ட முகப்பு அழகாக இல்லாவிட்டாலும் நான்கு மணி நேரப் பறப்பில் அதுதான் கைகொடுக்கும்.

பார்க்க வேண்டிய பட்டியலில் யூபிஎஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 360 வாட் தாங்கும். அதில் புதிய கார்டு போட்ட இயந்திரத்தைச் செருகினால், மின்வெட்டு வந்த நொடியில் எல்லாம் அணைந்துவிடும். கேம் ஹேங் ஆகிறது என்று நினைத்து விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டவரைத் தெரியும். எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் இரண்டும் எத்தனை வாட் தாங்கும் என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விமானி ஆவதற்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் அண்ணனோடு வந்தாள். வீட்டு சிமுலேட்டரில் ஓட்டும் நேரம் உரிமத்துக்குக் கணக்கில் வராது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் வானொலிக் குறியைப் பிடித்து இறங்குவதையும், கருவிகளை வரிசையாகக் கண்ணால் மேய்வதையும் தினமும் பழக நினைத்தாள். "அண்ணா, ஃபிரேம் நல்லா வருது. ஆனா உயரம் காட்டுற நம்பர் ஓடும்போது நிழல் மாதிரி இழுக்குது, படிக்க முடியல" என்றாள். டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டு வைத்திருந்தார்கள். குறைந்த துல்லியத்தில் வரைந்து, முந்தைய படங்களைக் கொண்டு பெரிதாக்கிக் காட்டும் முறை அது. மேகத்திலும் மலையிலும் வித்தியாசம் தெரியாது. ஓடும் எண்களில் பழைய படத்தின் சாயல் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு வேண்டியது எண்கள். டிஎல்எஸ்எஸ்ஸை எடுத்துவிட்டு, முழுத் துல்லியத்தில் வரையும் டிஏஏ வைத்தேன், அதற்கு ஈடாக மேகத்தையும் நிழலையும் குறைத்தேன். வெளியே காட்சி சாதாரணமாகிவிட்டது, உள்ளே ஒவ்வொரு எண்ணும் கூர்மையாக நின்றது. இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தைக் கார்டே உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் பற்றியும் கேட்டாள். 30-ஐ 60-ஆகக் காட்டும், பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் ஸ்டிக்கை இழுத்தால் விமானம் பதில் சொல்லும் வேகம் 30-க்கு உரியதுதான், அதைவிடச் சற்றுத் தாமதமாகவும் வரும். ஊர் சுற்றிப் பார்க்கப் பறப்பவர்களுக்கு நான் அதைத் தாராளமாகப் போட்டுக் கொடுக்கிறேன். கைப்பழக்கத்துக்காக ஓட்டுகிறவருக்கு வேண்டாம் என்பேன்.

அவளுடைய ஸ்டிக் நடுவானில் சில சமயம் செயலிழந்தது. கேமின் கோளாறு அல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் யூஎஸ்பி போர்ட்டுகளைத் தூங்க வைக்கும் வசதிதான் காரணம். பவர் செட்டிங்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்ததும் சரியாகிவிட்டது. ஸ்டிக், த்ராட்டில், கால் பெடல் மூன்றையும் மலிவான ஹப் ஒன்றில் தொங்கவிடாமல் போர்டிலேயே நேராகச் செருகுவதும் நல்லது.

2024 நவம்பரில் வந்த பதிப்பு குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32, முழு வசதிக்கு 64 ஜிபி ராம் கேட்கிறது. காட்சிகளில் பெரும்பகுதி இணையத்திலிருந்தே வருவதால், வைஃபை தடுமாறினாலும் தரை மங்கலாகும், திக்கும். ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விற்கப்படுபவை எதனாலும் மெயின் த்ரெட்டின் ஒரு மில்லிநொடியைக்கூடக் குறைக்க முடிந்ததை நான் பார்த்ததில்லை. ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடமான பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்பதையும் நம்பாதீர்கள். பெரிய விமான நிலையத்தில் நினைவகம் நெருக்கடியாகும்போது அந்த இடம் இல்லாமல் கேம் மூடிவிடும். எஸ்எஸ்டி மாற்றினால் கேம் திறக்கும் நேரம் குறையும், தரைப் படங்கள் ஏறும்போது வரும் திக்கல் குறையும், ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் அப்படியேதான் இருக்கும். இதைச் சொல்லித்தான் நான் எஸ்எஸ்டி விற்கிறேன்.

அடுத்த பாகம் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் விமானங்களிலேயே கனமானதை எடுத்து, உங்களுக்குப் பிடித்த பெரிய விமான நிலையத்துக்கு ஐந்து மைல் முன்னால் நிறுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். மாலை நேரம், மழை, போக்குவரத்து எல்லாம் இருக்கட்டும். எப்போதும் அதே இடத்திலிருந்து இறங்கிப் பாருங்கள். மெயின் த்ரெட் எத்தனை மில்லிநொடி, கார்டு எத்தனை மில்லிநொடி, சிப்பின் சூடு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் மெயின் த்ரெட் என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அதைப் படிக்காமலே விலை சொல்ல ஆரம்பிப்பவராக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.